ஏழு நாள் லீவில் மலேசியா: எந்த ஊருக்கு எத்தனை இரவு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறேன். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அதனால் தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் எங்கள் வீட்டில் ஒருவேளையாவது பசியாறிவிட்டுத்தான் போவார்கள். வருவதற்கு ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் கேள்விகள் தொடங்கிவிடும். ஆள்தான் வேறு, கேள்வி ஒன்றுதான்: இருப்பதோ கொஞ்ச நாள், பார்க்க வேண்டிய ஊரோ நிறைய, எப்படிப் பிரிப்பது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அக்கா, ஏழு நாள் லீவு கிடைத்திருக்கிறது. கோலாலம்பூர், பினாங்கு, மலாக்கா, கேமரன் மலை, லங்காவி, முடிந்தால் சிங்கப்பூர். சரியாக வருமா?

வராது. முதலில் அந்த ஏழு நாளை எண்ணிப் பார்ப்போம். சனிக்கிழமை இரவு சென்னையில் விமானம் ஏறுகிறீர்கள். ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். இங்கே கடிகாரம் உங்களுக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஞாயிறு காலை தூங்காத கண்ணோடு இறங்குவீர்கள். ஹோட்டலில் அறை தருவது மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான். ஆக, ஞாயிறு அரை நாள். அடுத்த சனிக்கிழமை திரும்ப விமானம். அந்த நாளைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மிஞ்சுவது திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து முழு நாள், ஆறு இரவு.

அந்த ஐந்து நாளுக்குள் ஆறு ஊர் போனால், பார்ப்பது ஊரை அல்ல, நெடுஞ்சாலையை. ஆறு இரவுக்கு இரண்டு ஊரில் தங்குங்கள். ஒன்பது இரவு கிடைத்தால் மூன்று. வேறு ஊர்களைக் காலையில் போய் இரவு திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். நாளை எண்ணாமல் இரவை எண்ணுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். எத்தனை தலையணையில் தலை வைக்கிறீர்களோ, அத்தனை தடவை பெட்டி கட்ட வேண்டும்.

ஊர் மாறினால் என்ன போய்விடும்? நாலு மணி நேரப் பயணம்தானே?

ரயில் நாலு மணி நேரம்தான். நாள் முழுக்கப் போய்விடும். போன வருடம் என் நாத்தனார் குடும்பம் ஐந்து பேர், கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போன நாளைச் சொல்கிறேன். காலை ஏழரைக்கு எழுந்தார்கள். ஈரத் துண்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பத்துமலையில் வாங்கிய முருகர் சிலையைப் புடவைக்குள் பொதிந்து, மூடாத பெட்டியின் மேல் சின்னவனை உட்கார வைத்து ஜிப்பை இழுத்து முடிக்கும்போது ஒன்பதரை. பத்தரைக்கு ரயில். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் நிலையத்தில் இறங்கும்போது மூன்று மணி ஆகப் போகிறது. அங்கிருந்து பெட்டிகளை உருட்டிக்கொண்டு படகுத்துறை, படகுக்குக் காத்திருப்பு, கால் மணி நேரக் கடல் பயணம், அக்கரையில் கார் பிடித்து விடுதி. நாலரை மணிக்கு அறைக் கதவைத் திறந்தார்கள். அத்தை கட்டிலில் சாய்ந்தவர் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

எந்தத் தடங்கலும் இல்லாமல் எல்லாம் சரியாக நடந்த நாள் இது. மூன்று தடவை ஊர் மாறினால் ஐந்து முழு நாளில் மூன்று இப்படிப் போகும்.

அப்படியென்றால் எந்த இரண்டு ஊர்?

கோலாலம்பூர், பினாங்கு. முதல் தடவை வரும் தமிழர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இரண்டிலும் மொழிச் சிக்கல் இல்லை, சைவச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், இரண்டுக்கும் நடுவே நல்ல ரயில் ஓடுகிறது. ஒன்று இன்றைய மலேசியா, மற்றது நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கிய மலாயா. நாகப்பட்டினத்திலிருந்து வந்த ரஜூலா கப்பல் முதலில் தொட்ட மலாயாத் துறைமுகம் பினாங்குதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கப்பலின் பெயர் தெரிந்திருக்கும்.

பினாங்குக்கு எத்தனை இரவு கொடுக்கலாம்?

குறைந்தது இரண்டு, மூன்று என்றால் நிறைவு. கோலாலம்பூரிலிருந்து காலையில் போய் இரவே திரும்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சாலையில் ஒரு வழிக்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். தயவுசெய்து வேண்டாம்.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் பழைய நகரத்துக்கே ஒரு முழு நாள் வேண்டும். 2008-ல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்து இடம்பெற்ற நகரம் இது. குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோவில் இருக்கிறது. சில நிமிடம் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801-ல் எழுப்பியது. அதே சாலையில் சீனர்களின் கருணைத் தாய் கோவிலும், சாலை முனையில் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் உண்டு. இவ்வளவும் ஒரே காலை நடையில் முடியும். ஆனால் ஒன்பது மணிக்கு முன் தொடங்க வேண்டும். பதினொன்றுக்கு மேல் வெயில் தலையைப் பிளக்கும்.

இரண்டாவது நாளைக் கொடிமலைக்கும் கெக் லோக் சி புத்தர் கோவிலுக்கும் வையுங்கள். இரண்டும் ஆயர் ஈத்தாம் பக்கம், அடுத்தடுத்து. மலைக்கு ஏறும் கயிற்று ரயில் 1923-லிருந்து ஓடுகிறது, பெட்டிகள் மட்டும் இப்போது புதியவை. சனி ஞாயிறில் அங்கே வரிசையில் நிற்பதிலேயே அரை நாள் போய்விடலாம். வார நாளில் காலையில் போனால் சீக்கிரம் ஏறிவிடலாம். மாலையில் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோவில். 513 படி. பத்துமலையை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் நகரமும் கடலும் ஒன்றாகத் தெரியும். நான் ஒவ்வொரு தடவை போகும்போதும் அங்கே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்குவேன்.

நாசி கண்டாரைச் சொல்லாமல் விட முடியாது. காவடி மாதிரித் தோளில் கம்பு வைத்து, இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத்துத் தொழிலாளிகளுக்கு விற்றார்கள் தமிழ் முஸ்லிம்கள். கண்டார் என்றால் மலாயில் அந்தத் தோள்கம்புதான். அசைவம் சாப்பிடுகிறவர்கள் "பாஞ்சிர்" என்று கேளுங்கள். எல்லாக் குழம்பையும் சோற்றின் மேல் கலந்து ஊற்றுவார்கள்.

கோலாலம்பூருக்கு?

மூன்று இரவு. மலாக்காவுக்குப் போய்வருவதாக இருந்தால் நாலு.

பத்துமலைக்குக் காலையில் போங்கள். இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணிக்குத்தான். ஏழரைக்கு அங்கே இருந்தால் 272 படியும் நிழலில் ஏறலாம். கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் அரை மணி நேரம், நேராகக் கோவில் வாசலில் இறங்கலாம். அடுத்த ரயிலுக்கு அரை மணிக்கு மேலும் காத்திருக்க நேரலாம், அதனால் நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வாசலில் நிற்கும் முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர், 2006 தைப்பூசத்தின்போது திறந்தது. கீழே நின்று முழு உருவத்தையும் போட்டோவில் அடக்கப் பார்ப்பவர்கள் பின்னாலேயே நடந்து நடந்து சாலைக்கு வந்துவிடுகிறார்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். படியில் கையில் பழமோ பையோ தெரிந்தால் குரங்கு பிடுங்கும்.

இரட்டைக் கோபுரம் திங்கட்கிழமை மூடியிருக்கும். மேலே போக வேண்டுமென்றால் டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். 452 மீட்டர் கோபுரத்தைக் கீழே பூங்காவில் உட்கார்ந்து இரவு விளக்கில் பார்த்தாலே போதும் என்பது என் எண்ணம். அதற்குச் செலவும் இல்லை. துன் எச்.எஸ். லீ சாலையில் இருக்கும் மகா மாரியம்மன் கோவில் 1873-ல் தொடங்கியது, அங்கிருந்து மத்தியச் சந்தையும் பெட்டாலிங் தெருவும் நடக்கும் தூரம். இந்த மூன்றையும் ஒரே மாலையில் சேர்த்துவிடலாம்.

பினாங்குக்கு ரயிலா, பஸ்ஸா, விமானமா?

விமானம் ஒரு மணி நேரம்தான் என்று பலரும் அதைப் பிடிக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள். கோலாலம்பூர் நகரத்திலிருந்து சிப்பாங் விமான நிலையம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம். விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போக வேண்டும். பறப்பது ஒரு மணி. பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு முக்கால் மணி. மொத்தம் ஐந்து மணியைத் தொட்டுவிடும். ரயிலும் படகும் சேர்ந்தாலும் அதே அளவுதான். ஆனால் ரயிலில் காலை நீட்டிக்கொண்டு, வழியில் பேராக் மாநிலத்துச் சுண்ணாம்புக் குன்றுகளையும் புக்கிட் மேரா ஏரியையும் பார்த்துக்கொண்டே போகலாம். பினாங்குக்குப் படகில் போய்ச் சேர்வதில் ஒரு நிறைவு இருக்கிறது. அதை விமானம் தராது.

இடிஎஸ் (மின்சார விரைவு ரயில்) என்று கேட்டு டிக்கெட் எடுங்கள். வெள்ளி மாலை, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. பஸ் விலை குறைவு, ஐந்து மணி நேரம். விழா வாரங்களில் மட்டும் பஸ்ஸை நம்பாதீர்கள். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி என்றால் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும்.

பினாங்கில் இறங்கி, கோலாலம்பூரில் ஏறலாமா?

ரொம்ப நல்ல யோசனை. நாள் பற்றாக்குறை உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய மிச்சம் வேறு இல்லை. 2024 டிசம்பரிலிருந்து சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் வந்துவிட்டது.

கோலாலம்பூரிலேயே இறங்கி அங்கேயே திரும்ப ஏறினால், பினாங்குக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள். ஐந்து முழு நாளில் இரண்டு காலி. பினாங்கில் இறங்கினால் ஒரு நாள்தான் போகும். ஞாயிறு, திங்கள் இரவுகள் பினாங்கில். செவ்வாய் ரயில். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை நாலு இரவு கோலாலம்பூரில். அதற்குள் ஒரு நாள் மலாக்கா. சனிக்கிழமை விமானம். ஒரு வழியில் ஓர் ஊர், மறுவழியில் வேறு ஊர் என்று எடுக்கும்போது டிக்கெட் விலை கொஞ்சம் கூடலாம். அந்தக் கூடுதல் பணத்தை, மிஞ்சுகிற ஒரு முழு நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருச்சியிலிருந்து வருகிறவர்கள் கோலாலம்பூரில் இறங்குவதுதான் சுலபம். அவர்கள் இறங்கிய அன்றே பினாங்குக்கு ஓடாமல், முதல் மூன்று இரவை இங்கே கழித்துவிட்டுப் போகலாம்.

மலாக்காவில் ஓர் இரவு தங்க வேண்டாமா?

தங்கினால் அழகுதான். ஆற்றங்கரை இரவில் விளக்கு போட்டதும் வேறு ஊராகிவிடும். ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும். அது வேண்டுமென்றால் அந்த நாட்களில் ஒன்றில் தங்குங்கள். இல்லையென்றால் போய்வருவது போதும். கோலாலம்பூரின் டிபிஎஸ் பேருந்து முனையத்திலிருந்து இரண்டு மணி நேரம். காலை எட்டு மணி பஸ், மாலை ஆறு மணிக்குத் திரும்பும் பஸ். மலாக்கா சென்ட்ரலில் இறங்கியதும் ஊருக்குள் போக கிராப் கார் (ஓலா, ஊபர் மாதிரி) பிடித்துவிடுங்கள்.

செஞ்சதுக்கத்தில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் அங்கிருந்து துக்காங் ஈமாஸ் சாலைக்கு நடங்கள். 1781-ல் கட்டிய பொய்யாத விநாயகர் கோவில் அங்கே இருக்கிறது. மலாக்கா செட்டிகளின் கோவில் அது. சுல்தான்கள் காலத்திலேயே இங்கு வந்து, மலாய்ப் பெண்களையும் சீனப் பெண்களையும் மணந்து, தமிழ் பேச மறந்து மலாய் பேசி, ஆனால் சாமியை விடாமல் வைத்திருக்கும் சமூகம் அவர்களுடையது. பக்கத்திலேயே பள்ளிவாசல், அதற்குப் பக்கத்தில் சீனக் கோவில். நம் சரித்திரத்தின் இந்தப் பக்கத்தை ஊரில் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

சிங்கப்பூர் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, விட மனமில்லை.

ஏழு நாளில் விட்டுவிடுங்கள். பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம், அதில் ஜோகூர் எல்லையில் இரண்டு தடவை இறங்கிக் குடிநுழைவு வரிசை. வார இறுதியில் அந்த வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசாவும் தனியாக எடுக்க வேண்டும். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் வரலாம். அந்தச் சலுகையை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். வருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும், கட்டணம் இல்லை.

பத்து இரவுக்கு மேல் இருந்தால் சிங்கப்பூரைச் சேர்க்கலாம். அப்போதும் பினாங்கில் தொடங்கி, கோலாலம்பூர், மலாக்கா, சிங்கப்பூர் என்று வடக்கிலிருந்து தெற்காக ஒரே கோட்டில் இறங்கி, சிங்கப்பூரிலிருந்தே ஊருக்கு விமானம் ஏறுங்கள்.

கேமரன் மலையா, லங்காவியா?

ஆறு இரவில் இரண்டுமே வேண்டாம். ஒன்பது இரவு இருந்தால் ஒன்று.

ஊட்டியும் மூணாறும் பார்த்தவர்களுக்குக் கேமரன் மலை புதிதாக எதுவும் தராது. தேயிலைத் தோட்டம் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேரம், கடைசிப் பகுதி முழுக்க வளைவு. வாந்தி வரும் பிள்ளைகளோடு போனவர்கள் அதைத்தான் முதலில் நினைவுகூர்கிறார்கள். மலைக்காற்று மட்டும் போதுமென்றால் கெந்திங் மலைக்குக் கம்பிவட ஊர்தியில் போய் அன்றைக்கே திரும்பலாம். லங்காவி கடல் பிடித்தவர்களுக்கு. பினாங்கிலிருந்து பறந்தால் முக்கால் மணிகூட ஆகாது, இரண்டு இரவு கொடுக்க வேண்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்குக் கரைத் தீவுகளில் பருவமழை. அந்த மாதங்களில் கடல் வேண்டுமென்றால் லங்காவிதான்.

ஈப்போ?

ரயில் வழியிலேயே இருக்கிறது, இங்கிருந்து இரண்டரை மணி நேரம். எட்டு ஒன்பது இரவு உள்ளவர்கள் ஓர் இரவு இறங்கலாம். கல்லுமலைக் கோவில், 1917-ல் கட்டிய ரயில் நிலையம், வெள்ளைக் காப்பி. அமைதியான ஊர், எனக்குப் பிடித்த ஊர்.

வயதான அப்பா அம்மாவும் வருகிறார்கள். மாற்ற வேண்டுமா?

ஊர்களின் எண்ணிக்கையை அப்படியே வைத்து, நாளுக்குள் செய்வதைப் பாதியாக்குங்கள். காலை ஓரிடம், மதியம் ஓய்வு, மாலை ஓரிடம். பிற்பகலில் இங்கே இடியோடு மழை கொட்டுவது வழக்கம், அந்த நேரத்தில் அவர்கள் அறையில் படுத்திருப்பதே நல்லது. பத்துமலைப் படி ஏற முடியாதவர்களுக்குக் கீழேயே சந்நிதிகள் இருக்கின்றன. அம்மாவைக் கீழே தனியாக விட்டுவிட்டு எல்லோரும் மேலே ஓடிவிடாமல், ஒருவர் கூட இருங்கள். ஐந்து நாளும் எல்லோரும் ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்றும் இல்லை. ஓர் அரை நாள் பிள்ளைகள் கெந்திங் போகட்டும், பெரியவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் கோவிலுக்குப் போய்ப் பூ வாங்கி, பேச்சுத்துணையோடு ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும்.

சொந்தக்காரர்கள் நாலு ஊரில் இருக்கிறார்கள். எல்லோர் வீட்டுக்கும் போகாவிட்டால் வருத்தப்படுவார்களே?

இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. கிள்ளானில் மாமா, சிரம்பானில் பெரியம்மா மகள், சுங்கை சிப்புட்டில் ஒருவர், ஜோகூரில் ஒருவர். ஒவ்வொரு வீட்டிலும் "ஒருவேளையாவது சாப்பிட்டுப் போங்கள்" என்பார்கள். அது பாசம். ஆனால் ஒருவேளை சாப்பாடு என்றால் இங்கே ஒரு நாள்.

வார நாளில் அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள். நீங்கள் செவ்வாய் மதியம் போய் நின்றால் அவர்கள் லீவு போட வேண்டும். இங்குள்ள சட்டப்படி வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு ஆண்டுக்கு எட்டு நாள்தான் லீவு. அதில் ஒன்றை நமக்காகச் செலவழிக்க விடலாமா? அதனால் ஞாயிறு மாலையை, பினாங்கில் இறங்குகிறவர்கள் வெள்ளி மாலையை ஒதுக்கி, கோலாலம்பூரில் ஒரே இடத்தில் எல்லோரையும் வரச் சொல்லுங்கள். வர முடிகிறவர்கள் வருவார்கள். நடக்க முடியாத பெரியவர் இருக்கும் வீடு ஒன்று இருந்தால், அதற்கு மட்டும் நேரில் போங்கள். நான்கு ஊருக்கு ஓடும் நாளை அந்த ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். போவதற்கு முன் மற்றவர்களுக்குப் போன் செய்து, நாள் இவ்வளவுதான் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் வரவில்லை என்பதுதான் மனத்தாங்கல் ஆகிறது.

தாத்தா வேலை பார்த்த தோட்டத்தைப் பார்க்க முடியுமா? பெயர் மட்டும்தான் தெரியும்.

முடியும், பார்க்கவும் வேண்டும். இதற்கு ஒரு முழு நாளை முன்கூட்டியே ஒதுக்குங்கள். மிஞ்சுகிற நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

பழைய தோட்டங்கள் பல இன்று அந்தப் பெயரில் இல்லை. பால்மரம் (ரப்பர்) வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டுவிட்டார்கள், சில இடங்களில் வீட்டு மனையாகிவிட்டது. ஆனால் தமிழ்ப் பள்ளி தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும். "லாடாங்" என்று தொடங்கி அந்தப் பெயர் வரும். லாடாங் என்றால் தோட்டம். பள்ளி வேறு இடத்துக்கு மாறியிருந்தாலும் பெயர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் தோட்டத்தின் பெயரைத் தேடாமல் அந்தப் பெயரில் உள்ள பள்ளியைத் தேடுங்கள். பழைய கடித உறையில் இருக்கும் அஞ்சல் ஊரின் பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

என் கணவரின் பெரியப்பா மகன் புதுக்கோட்டையிலிருந்து அப்படி ஓர் உறையோடுதான் வந்தார். கோலசிலாங்கூர் பக்கம். இங்கிருந்து காரில் ஒன்றே கால் மணி நேரம். லயத்து வீடுகள் இல்லை, செம்பனைதான் வரிசை வரிசையாக. கோவில் மட்டும் இருந்தது. பூசாரி எங்களிடம் தாத்தாவின் பெயரைக் கேட்டுவிட்டு, உள்ளே போய்ப் பழைய உபயக்காரர் பலகையைத் துடைத்துக் காட்டினார். நாலாவது வரியில் தாத்தாவின் பெயர், அப்பா பெயரோடு. அண்ணன் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார், எடுக்கவே இல்லை. அன்றைக்குத் திட்டத்தில் மத்தியச் சந்தையும் கோபுரமும் இருந்தன. அதை யாரும் பேசவும் இல்லை.

தைப்பூசத்துக்கு வருகிறோம். அப்படியே நாலு ஊர் பார்க்கலாமா?

தைப்பூசத்துக்கு வந்தால் ஒரே ஊரில் இருங்கள். பத்துமலை அல்லது பினாங்குத் தண்ணீர்மலை. கோலாலம்பூரில் வெள்ளி ரதம் மாரியம்மன் கோவிலிலிருந்து இரவில் கிளம்பிப் பல மணி நேரம் ஊர்ந்துதான் பத்துமலை சேரும். அந்த நாட்களில் சாலைகள் மூடியிருக்கும், அறை கிடைக்காது, உடம்பும் களைத்திருக்கும். மறுநாள் முழுக்க ஓய்வு வேண்டும்.

மூன்று இரவுதான் இருக்கிறது.

கோலாலம்பூர் மட்டும். பத்துமலை ஒரு காலை, நகரம் ஒரு நாள், மலாக்கா ஒரு நாள்.

செலவைப் பார்த்தால் எது லாபம்?

ஊர் குறைந்தால் செலவும் குறையும். விமான நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் ஆளுக்கு 55 வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்), 28 நிமிடம். நாலு பேர் என்றால் கிராப் கார் அதைவிட மலிவு, நேரம்தான் கூட. விமான நிலையப் பேருந்து எல்லாவற்றிலும் மலிவு.

கடைசி இரவு எங்கே தங்குவது?

விமானம் ஏறும் ஊரில். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். என் சித்தி குடும்பம் கடைசி இரவை மலாக்காவில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம்தானே, மதியம் விமானம், காலையில் கிளம்பினால் போதும் என்று நினைத்தார்கள். பள்ளி விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை அது. நெடுஞ்சாலையில் கார்கள் நகரவே இல்லை. பஸ்ஸுக்குள் சித்தி மடியில் மலாக்காவில் வாங்கிய அன்னாசி பலகாரப் பெட்டியை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கவுன்டர் மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஐந்து பேருக்கும் புது டிக்கெட்.

மலாக்காவில்தான் தங்கியாக வேண்டுமென்றால், அங்கிருந்து விமான நிலையத்துக்கே நேரடி பஸ் உண்டு. கோலாலம்பூருக்குள் வந்து திரும்பிப் போக வேண்டாம். அப்போதும் விமானத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் கிளம்பிவிடுங்கள். கோலாலம்பூரில் தங்குகிறவர்களுக்கு, முந்தின மாலையை எந்த இடத்துக்கும் ஒதுக்காமல் வையுங்கள். துன் சம்பந்தன் சாலையில் வாங்க வேண்டியதை வாங்கி, பெட்டியை நிதானமாக எடை போட்டுக் கட்டி, தூங்கி எழுந்து, ஒரு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறலாம்.